நடனத்தை மேஜராக எடுத்தால் கால் மழுங்கிவிடுமா?

கேள்வி இதுதான்: "பத்து வருடமாக நடனம் கற்கிறேன். லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே நடனத்தையே மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுக்கலாமாம். எனக்குப் பொருளாதாரமும் பிடிக்கும். ஆடுவதற்கு எதற்குப் பட்டம் என்கிறார்கள் வீட்டில். நாலு வருடம் அங்கே போனால் கால் மழுங்கிவிடும் என்கிறார் என் ஆசிரியர். அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? யார் சொல்வது சரி?"

உங்கள் ஆசிரியர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. நடனத்தை மட்டுமே கற்பிக்கும் கன்சர்வேட்டரியில் ஒரு மாணவர் நாளைக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஸ்டூடியோவில் இருப்பார். வாரத்துக்கு 25, 30 மணி நேரம் என்று வையுங்கள். பல துறைப் பாடங்களையும் சேர்த்துப் படிக்கும் லிபரல் ஆர்ட்ஸில் ஒரு டெக்னிக் வகுப்பு, அதாவது ஆடும் முறையைப் பழகும் வகுப்பு, ஒன்றரை மணி நேரம்தான். ஐந்து நாளும் போனால் ஏழரை மணி, ஒத்திகையையும் சேர்த்தால் பன்னிரண்டு. வாரத்துக்குச் சுமார் பதினைந்து மணி குறைகிறது. ஆண்டுக்கு 30 வாரம், நாலு வருடம் என்று பெருக்கினால் 1,800 மணி நேரம். இதை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதினெட்டு வயதில் பெரிய பாலே குழு ஒன்றில் சேருவதுதான் உங்கள் கனவு என்றால், இந்த வழி உங்களுக்கு இல்லை. இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டு விதமான பட்டம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலை) என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) நடனத்துக்கே போய்விடும். பி.ஏ. என்றால் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதிக்குக் கொஞ்சம் கீழே. பல இடங்களில் இரண்டும் ஒரே துறையில் நடப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி. பொருளாதாரத்துக்கு அதில்தான் இடம் இருக்கும்.

இனி வீட்டார் கேட்ட கேள்வி. லிபரல் ஆர்ட்ஸ் என்பதைத் 'தாராளக் கலைகள்' என்று சிலர் எழுதுகிறார்கள், என் காதில் அது ஒட்டவே இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் ஏழு கலைகள் என்று ஒரு பட்டியல் இருந்தது: இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். இசைகூட அதில் கணக்கின் தங்கையாகத்தான் நுழைந்தது. நடனத்துக்கு இடமே இல்லை. அப்புறம் எப்படி உள்ளே வந்தது? கலைத்துறை வழியாக அல்ல, பெண்களின் உடற்பயிற்சித் துறையின் பின்வாசல் வழியாக.

அந்தக் கதை சுவையானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஹெச்டோப்ளர் என்று ஒருவர். உயிரியல் படித்தவர். பெண்களுக்குக் கூடைப்பந்து கற்பித்துக்கொண்டிருந்தார், அதில் அவருக்குக் கொள்ளை ஆசை. 1916-இல் அவர் மேற்படிப்புக்காக நியூயார்க் கிளம்பும்போது, கல்லூரியில் கற்பிக்கத் தகுந்த நடனம் ஏதாவது கிடைக்கிறதா பார்த்துக்கொண்டு வா என்று துறைத் தலைவி சொல்லி அனுப்பினார். போன இடத்தில் பார்த்த வகுப்புகளில் பெரும்பாலானவை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் முன்னால் ஆட, மாணவர்கள் பின்னால் நின்று அதையே திருப்பிச் செய்கிறார்கள், இதில் கற்பது எங்கே என்று பட்டிருக்கிறது. திரும்பி வந்தவர் மாணவிகளைத் தரையில் படுக்கச் சொன்னார். நின்றால் உடம்பு விழாமல் இருக்கவே பாதிச் சக்தி போய்விடும். படுத்தால் எந்த மூட்டு எப்படித் திரும்புகிறது என்று கவனிக்கலாம். வகுப்புக்கு எலும்புக்கூடு ஒன்றையும் கொண்டுவந்தார். 1926-இல் அதே பல்கலைக்கழகத்தில் நடனத்துக்கென்று பட்டப்படிப்பு வந்தது, நாட்டிலேயே முதல். மேடைக்கு ஆட்களைத் தயார்செய்வது தன் வேலை என்று அவர் நினைக்கவே இல்லை.

மேடைக்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு. பென்னிங்டன் கல்லூரியில் 1934 கோடையில் மார்த்தா ஹில் ஒரு நடனப் பள்ளி தொடங்கினார். நவீன நடன முன்னோடிகளான மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்ல்ஸ் வைட்மன், ஹன்யா ஹோல்ம் எல்லாரும் அங்கே கற்பித்தார்கள். அன்றைய நவீன நடனத்துக்கு அந்தக் கோடைகள் புகலிடம் மாதிரி. இதே மார்த்தா ஹில்தான் 1951-இல் நியூயார்க்கின் ஜூலியர்ட் கன்சர்வேட்டரியில் நடனப் பிரிவை ஆரம்பித்து வைத்தவர். அதாவது உங்கள் ஆசிரியர் விரும்பும் கன்சர்வேட்டரி வழிக்கும் நீங்கள் போக நினைக்கும் வழிக்கும் அடிக்கல் வைத்தது ஒரே கை. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று அவர் நினைத்திருந்தால் இரண்டையும் செய்திருக்க மாட்டார்.

சரி, என்ன சொல்லித் தருவார்கள்? டெக்னிக் வகுப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஆளை உலுக்கிவிடுவது கம்போசிஷன் வகுப்பு, அதாவது சொந்தமாக நடனம் அமைக்கக் கற்கும் வகுப்பு.

நானும் உங்களைப் போல நல்ல பயிற்சியோடுதான் போனேன். இரண்டு நிமிடத்துக்கு ஏதாவது அமைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் பேராசிரியர். ஏற்கெனவே கைவசம் இருந்த ஒரு உருப்படியிலிருந்து வெட்டி ஒட்டி, பளபளவென்று ஆடிக் காட்டினேன். கைதட்டினார்கள். "நல்லது. இப்போது பாட்டை நிறுத்திவிட்டு ஆடுங்கள்" என்றார். ஆடினேன். பாதியில் அடுத்தது என்னவென்றே மறந்துபோயிற்று. என் உடம்பு பாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இப்போது எங்களுக்கு முதுகைக் காட்டி ஆடுங்கள்." முகமே போய்விட்டது. பத்து வருடம் முகத்தில் வைத்திருந்ததெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மற்றவர்களிடம், நன்றாக இருந்ததா என்று கேட்கவில்லை, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். நடனமே தெரியாத ஒரு புவியியல் மாணவன் சொன்னான்: "வலது கைதான் எப்போதும் முதலில் கிளம்புகிறது. இடது கை அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் வருகிறது." பத்து வருடத்தில் எந்த ஆசிரியரும் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் கற்றுத் தந்ததே அப்படித்தான்.

அடுத்த மூன்று வாரம் இடது கையை முதலில் கிளப்புவது மட்டும்தான் என் வேலை. அசிங்கமாக இருந்தது. ஆனால் அதிலிருந்துதான் நானாக அமைத்த முதல் துண்டு வந்தது.

இப்படி ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துப் பேசுவதற்கு ஒழுங்குமுறையே இருக்கிறது. லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990-இல் உருவாக்கிய முறை பல நடனத் துறைகளில் புழங்குகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனதில் பட்டது என்று சொல்வார்கள். அப்புறம் அமைத்தவர் கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு நீளம்?' என்பது தீர்ப்பு. 'கடைசி நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?' என்பது கேள்வி. கருத்துச் சொல்வது கடைசியில்தான், அதுவும் அமைத்தவர் சரி என்றால். கேட்க எளிது, செய்து பாருங்கள், நாக்கு நமநமக்கும்.

பல துறை மாணவர்கள் ஒரே ஸ்டூடியோவில் இருப்பதால் என்ன நடக்கும் என்பதற்குப் பிலோபோலஸ் குழுவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1971, டார்ட்மத் கல்லூரி, அலிசன் சேஸ் நடத்திய கம்போசிஷன் வகுப்பு. வந்து சேர்ந்த பையன்களில் யாரும் நடனக்காரர் கிடையாது. ஒருவர் ஆங்கில இலக்கியம், பனிச்சறுக்கு வீரர். ஒருவர் தத்துவம், வாள்வீச்சுக்காரர். இன்னொருவர் மருத்துவத்துக்குப் போக இருந்தவர். ஆடத் தெரியாது, தனியாக நின்று ஆட வெட்கம் வேறு. அதனால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஏறி, தொங்கி, மூன்று உடம்பும் ஒரே பிராணி மாதிரி நகர்ந்தார்கள். சாணத்தில் முளைத்து, வெளிச்சம் வரும் திசை நோக்கி வித்துப்பையைச் சுண்டி எறியும் ஒரு பூஞ்சையின் பெயரை அந்த நடனத்துக்கு வைத்தார்கள். தத்துவ மாணவரின் அப்பா அந்தப் பூஞ்சையை ஆராய்ந்த விஞ்ஞானி. பிறகு குழுவுக்கும் அதே பெயர் நிலைத்தது. குழு இன்றும் ஆடுகிறது. டெக்னிக் இருந்திருந்தால் அந்த வடிவம் அவர்களுக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு நீங்கள் வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது.

குறியீட்டு வகுப்பு கிடைத்தால் ஒரு செமஸ்டர் எடுங்கள். எல்லா இடத்திலும் இருக்காது. ருடால்ஃப் லாபான் 1928-இல் வெளியிட்ட முறை இது. இசைக்கு ஸ்வரம் எழுதுவது மாதிரி அசைவை எழுதுவது. பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு, அதற்கு வலப்பக்கம் உடம்பின் வலது, இடப்பக்கம் இடது. குறியின் வடிவம் திசையைச் சொல்லும். கறுப்பாக நிரப்பியிருந்தால் தாழ்ந்த நிலை, நடுவில் புள்ளி வைத்தால் சம நிலை, கோடு கோடாக இருந்தால் உயர்ந்த நிலை. குறி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம். நாலு அடி நடப்பதை எழுத எனக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. எழுதி முடித்துப் பார்த்தால், எடை எந்த நொடியில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை என்று புரிந்தது.

உடற்கூறு வகுப்பு பெரும்பாலான இடங்களில் இருக்கும். உபயோகம் உடனே தெரியும். அரைமண்டியானாலும், கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் பாலேயின் வெளித்திருப்பம் ஆனாலும் தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் எவ்வளவு சுழல்கிறது என்பதுதான் விஷயம். அந்தக் குழியின் ஆழமும் அது பார்த்திருக்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. இடுப்பில் வராததைப் பாதத்தைத் திருப்பி ஈடுகட்டினால் விலை கொடுப்பது முழங்கால். எங்கள் வகுப்பில் ஒரு பெண் தன் முழங்கால் வலிக்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டு அழுதேவிட்டாள். சின்ன வயதிலிருந்து 'இன்னும் திருப்பு, சோம்பேறி' என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள். குழி அப்படி அமைந்திருக்கிறது, சோம்பேறித்தனம் எங்கே வந்தது?

வரலாற்று வகுப்பைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல துறைகளில் டெக்னிக் என்றால் பாலேயும் நவீன நடனமும்தான். மற்ற எல்லாவற்றையும் 'உலக நடனம்' என்று ஒரே கூடையில் போட்டு, ஒரு கிரெடிட் கொடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். பாலே மட்டும் உலகத்துக்கு வெளியே எங்கே இருக்கிறதோ! ஜோஆன் கியலினோஹோமோகு என்ற மானுடவியலாளர் 1970 வாக்கிலேயே, பாலேயும் ஓர் இனத்தின் நடனம்தான், அதன் உடை, கதை, வெட்கம், மரியாதை எல்லாமே ஒரு குறிப்பிட்ட மக்களுடையது என்று எழுதிவிட்டார். அந்தக் கட்டுரை இன்று பாடத்தில் இருக்கிறது, அதே துறையின் கால அட்டவணையோ பழைய மாதிரியே ஓடுகிறது. விதிவிலக்குகள் உண்டு. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே பாலசரஸ்வதி பரதநாட்டியம் கற்பித்தார். அவருடைய தம்பிகள் மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனும் புல்லாங்குழல் கலைஞர் விஸ்வநாதனும் நெடுங்காலம் அங்கே ஆசிரியர்களாக இருந்தார்கள். கூடையில் போட்ட கலையாக இல்லாமல், உரியவர்களே வந்து முறைப்படி கற்பித்த கலையாக அது அங்கே இருந்தது. நீங்கள் சேரப்போகும் இடத்தில் உங்கள் நடனத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, அவர் நிரந்தரமாக இருக்கிறாரா, செமஸ்டருக்கு ஒருமுறை வந்து போகிறவரா என்று கேட்டுவிடுங்கள்.

பொருளாதாரம் பிடிக்கும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-இல் மேடைக் கலைகளின் வரவுசெலவை ஆராய்ந்து ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, அதனால் கூலி ஏறினாலும் தாங்கும். நாலு பேர் ஆடும் இருபது நிமிட நடனத்துக்கு நூறு வருடம் முன்பும் எண்பது ஆள்-நிமிடம், இன்றும் எண்பது. வேகமாக ஆடி மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் ஆடுகிறவர்களும் மற்றவர்களைப் போலத்தான் வாடகை கட்ட வேண்டும். அதனால் செலவு ஏறிக்கொண்டே போகும், டிக்கெட் பணம் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். மருத்துவமனைக் கட்டணமும் கல்விக் கட்டணமும் ஏன் இப்படி ஏறுகின்றன என்று விளக்கவும் இன்று இதே கருத்தைத்தான் எடுக்கிறார்கள். அதை மேடைக்கலையிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள் என்பது பொருளாதார வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்களுக்கு அது ஒத்திகை மண்டபத்து வாடகை ரசீதாகவே கையில் இருக்கும்.

சட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. மார்த்தா கிரஹாம் 1991-இல் இறந்த பிறகு அவருடைய நடனங்கள் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. அவற்றில் பெரும்பகுதி அவருக்கே சொந்தமில்லை, அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்த நிறுவனத்துக்குத்தான் என்று 2002-இல் தீர்ப்பு வந்தது. அந்த நிறுவனம் அவர் பெயரிலேயே, அவருக்காகவே நடந்தது. தன் நடனத்தையே தான் உயிலில் எழுதிவைக்க முடியாமல் போனது எப்படி என்று ஒரு மாணவி இறுதியாண்டு ஆய்வு எழுதினாள். வழக்கையும் எழுதினாள், அந்த நடன பாணியில் ஒரு துண்டு அமைத்தும் காட்டினாள். நடனமும் சட்டமும் அரைகுறையாகத் தெரிந்தவர் அதைச் செய்திருக்க முடியாது.

படித்து முடித்த பிறகு? ஆடிப் பிழைப்பது பட்டத்தால் எளிதாகாது. நடனக் குழுவின் ஆள்தேர்வுக்குப் போனால் உடம்பைத்தான் பார்ப்பார்கள், சான்றிதழை இல்லை. பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் நுண்கலை முதுநிலைப் பட்டமான எம்.எஃப்.ஏ. கேட்பார்கள். நடன சிகிச்சைக்கு முதுநிலைப் படிப்பு தனியாக வேண்டும். கலை அமைப்புகளை நடத்துவது, பிசியோதெரபி, பள்ளி ஆசிரியர் வேலை என்று போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நடனத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போய், வாரக் கடைசியில் குழு நடத்துகிறவர்களும் நிறைய. பொருளாதாரத்தோடு இரட்டை மேஜர் எடுப்பதை வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்றால் எடுங்கள். அவர்கள் பயத்துக்காக எடுத்தாலும் கடைசியில் உங்களுக்குத்தான் லாபம்.

சேருமுன் ஒரு நாள் போய்ப் பார்க்க முடிந்தால் நல்லது. இணையப் பக்கத்தில் தாவிக் குதிக்கும் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டூடியோவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்துப் பாருங்கள். தரை லேசாக வாங்கிக் கொடுத்தால் அடியில் மரச்சட்டம் போட்டு அமைத்த தரை. 'டொக்' என்று குதிகாலைத் திருப்பி அடித்தால் சிமென்ட் மேல் விரிப்புப் போட்டிருக்கிறார்கள், நாலு வருடத்தில் கணுக்காலும் முன்னங்காலும் சொல்லும். டெக்னிக் வகுப்பு எத்தனை படிநிலையில் நடக்கிறது என்று கேளுங்கள். புதிதாக வந்தவரும் பத்து வருடம் ஆடியவரும் ஒரே வகுப்பு என்றால் உங்கள் ஆசிரியரின் பயம் பலித்துவிடும். மூன்றாம், நாலாம் ஆண்டு மாணவர்களின் சொந்த நடனங்களைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாமே ஒரே ஆசிரியரின் சாயலில் இருந்தால் வேறு இடம் தேடலாம்.

அந்த 1,800 மணி நேரத்தையும் கொஞ்சம் மீட்கலாம். கோடை விடுமுறை நீளமானது. ஒரு காலத்தில் பென்னிங்டனில் தொடங்கிய அந்தக் கோடைப் பள்ளியின் வழித்தோன்றலான அமெரிக்க நடன விழா 1978 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அதைப் போன்ற தீவிரப் பயிற்சிகள் வேறு இடங்களிலும் உண்டு, காலையிலிருந்து மாலைவரை உடம்பை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் உங்கள் ஆசிரியரிடமே திரும்பிப் போங்கள். அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், விடுமுறைக்கு விடுமுறை வருவேன் என்று. கோபம் பாதி குறைந்துவிடும்.

பெரும்பாலான இடங்களில் மேஜர் எது என்று இரண்டாம் ஆண்டு முடிவில் சொன்னால் போதும். அதனால் முதல் செமஸ்டரில் கம்போசிஷன் ஒன்று, நுண்பொருளியல் ஒன்று எடுத்துப் பாருங்கள். உடற்கூறு வகுப்பைக் காலை எட்டு மணிக்குப் போட்டிருந்தால் மட்டும் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவையுங்கள். முந்தின இரவு ஒத்திகை பதினொரு மணிவரை போகும். நான் தொடை எலும்பு நடத்திய அன்றைக்குத் தூங்கிப்போய்விட்டேன், பரீட்சையில் அதுதான் வந்தது.